நகம் கேட்காத வாத்தியார்

"அக்கா, நகம் வளர்ந்திருக்கே!"

மணிக்கட்டைச் சரிசெய்யப் பிடித்த கிட்டார் வாத்தியார், அவள் வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

அவள் கிட்டாரை மடியில் சரியாக வைத்துக்கொள்கிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. பகலெல்லாம் வாத்தியார் கீழே லென்ஸ் தேய்ப்பான். சாயங்காலம் மேலே வந்து கிட்டார் சொல்லிக்கொடுப்பான். அவளைவிட எவ்வளவோ சின்னவன். ஆனாலும் அவள் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள்.

அவனைக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் போன இடத்தில் ஓர் இளைஞன், இந்த வயசுக்கு மேல விரல் வளையாது ஆன்ட்டி, சும்மா தந்தியை மொத்தமா அடிச்சு வாசிங்க, அது போதும் என்றான்.

அவளுக்கு அது போதாது. எல்லாத் தந்தியையும் சேர்த்து அடித்தால் அவள் மகனுக்கு உடம்பு தூக்கிப்போடும்.

மகனைத் துரை என்பாள். பெயர் வேறு. மீசை முளைத்த பிறகும் துரை படுத்த இடத்தைவிட்டு எழுந்ததில்லை. சாப்பாடு வாய்க்கு வரவேண்டும், புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும், பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் துரை.

பகல்நேரக் காப்பகத்தில் ஒருமுறை யாரோ கிட்டாரைக் கட்டில் சட்டத்தில் சாய்த்து, ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்டினார்கள். இறுக மூடியே கிடக்கும் துரையின் கை மெல்லத் திறந்துகொண்டது. அந்த உள்ளங்கையை அவள் எத்தனையோ முறை பிரித்துத் துடைத்திருக்கிறாள். அது தானாக விரிந்து பார்த்ததில்லை.

அந்த வாரமே ஒரு பழைய கிட்டார் வாங்கிவிட்டாள்.

இரண்டாவது வாத்தியார் பெரிய ஆள், மேடையில் வாசிக்கிறவர். அவள் விரல்களைப் பார்த்ததுமே, விரலால மீட்டணும்னா வலது கையில நகம் வேணும்மா, வளர்த்துட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். அடுத்துப் போன டீச்சர் ஒட்டு நகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நகம்தான் ஆகாது. துரையைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் புரட்டுவதும் அவள்தான். அவன் தோல் வெங்காயச் சருகு மாதிரி. லேசாகக் கீறினாலும் புண்ணாகி, ஆறவே ஆறாது. கையுறை போட்டால் அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் அவள் நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, தன் கன்னத்திலேயே இழுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, லென்ஸ் தேய்த்துத் தேய்த்து நகம் தங்காத தன் கையை இந்தக் கண்ணாடிக்கடை வாத்தியார் நீட்டிக் காட்டினான்.

"எனக்கு மட்டும் இருக்கா? விரல் சதையாலயே வாசிக்கலாம்க்கா. சத்தம் கொஞ்சம் கம்மியா வரும். துரை பக்கத்துலதானே இருக்கார், கேக்கும்."

அன்றைக்குப் படி இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடக்கவேண்டும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டைச் சொல்லவேண்டும். இரண்டும் ஒத்து வருவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பார்சல் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் காதில் மாட்டியதைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து வாசிப்பாள். எவ்வளவு தப்பாக வாசித்தாலும் துரை முகத்தைத் திருப்பியதில்லை.

போன மாதம் முழுக்க அவள் வகுப்புக்கு வரவில்லை. இவன் போன் செய்து பார்த்தான், எடுக்கவில்லை. துரைக்குச் சளியாக இருக்கும், அடிக்கடி வருவதுதானே என்று விட்டுவிட்டான்.

நகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போது சிரிப்பு பாதியில் நின்றது.

கையை விட்டான். விட்டது தப்போ என்று மறுபடி பிடித்துக்கொண்டான்.

"அக்கா..."

"வெட்டணும்னு தோணவே இல்ல, வாத்தியாரே."

கீழே கடையிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. ஏற்கெனவே சரியாக இருந்த தந்திகளைச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, துரைக்கு எப்போதும் வாசித்துவந்த மெட்டை ஆரம்பித்தாள். ஒரு விரலும் பிசகவில்லை. பாதிவரை வந்து நிறுத்தினாள்.

"இதுக்கு மேல எப்படிப் போகும்?"

மீதியைச் சொல்லிக்கொடுக்க அவன் எத்தனையோ தடவை பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டது அவள்தான். சோம்பல் என்று கேலிகூடச் செய்திருக்கிறான்.

"இந்த இடம் வரும்போது தூங்கிடுவான்" என்றாள். "மேல வாசிச்சா முழிச்சுக்குவானோன்னு நான் கத்துக்கவே இல்ல."

அவன் தன் கிட்டாரை எடுத்தான். அவளுக்குத் தெரியாதது அந்த மீதியில் ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் பழைய தந்திகளிலேயே நடந்தது. பாட்டு ஒரு படி ஏறி, தயங்கி, இறங்கி வந்து நின்றது. ஒரு தடவை பார்த்தாள். அடுத்த தடவை அவளே வாசித்துவிட்டாள்.

தந்தி அடங்கியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க்கா."