கன்னையன் பேரில் வந்த பாட்டு

“கன்னையன் வந்தா உக்கார வெக்கலாம்னு வாங்குன சேருங்க இது. அவர்தான் அகப்படலை, நீங்க உக்காருங்கண்ணா” என்றார் நாச்சிமுத்து.

ஆத்தப்பனுக்கு அடிவயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஒரு காலத்தில் பாப் பாட்டுக் கேசட் போட்டுக் கொங்கு நாட்டையே ஆட வைத்த தயாரிப்பாளர் அவர். அவரிடம் கீபோர்டு வாசித்துவிட்டுப் பாதியில் ஓடிப்போன பயலுக்குச் சிவப்பு வெல்வெட் நாற்காலியாம்!

நாச்சிமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கம்பெனி மாடியிலேயே ஒரு ரெக்கார்டிங் ரூம் கட்டி, பழைய கேசட்டுகளில் அதிகம் பேர் கேட்டிராத பாட்டுகளைத் தேடிப் பிடித்து யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் சில பாட்டுகளைப் போட்டு, ‘இசை: கன்னையன். இவர் இப்போது எங்கே இருக்கிறார்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆத்தப்பன் காரை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்திருந்தார்.

“ஏனுங் தம்பி, அட்டையில பேரு இருந்தா அது அவன் போட்ட பாட்டு ஆயிருமா? விக்காதுன்னு தோணுற பாட்டு, வெவகாரம் வர்ற பாட்டு, எல்லாத்துக்கும் அட்டையில கன்னையன் பேரைப் போட்டு உட்டதே நானு. ஒதை உழுந்தா அவனுக்கு உழுகட்டும்னுதான். மத்தபடி மெட்டு, பாட்டு, பதிவு எல்லாம் என்னுது.”

“அப்படீங்களா!” நாச்சிமுத்து கேமராவை அவர் பக்கம் திருப்பினார். “அப்ப இதைப் பேட்டியாவே எடுத்துக்கறனுங்க. அவரை நான் தேடாத எடமில்லீங்கண்ணா. சென்னை, மும்பைன்னு ஆள் உட்டுத் தேடுனேன்.”

“அவனைக் கண்டு என்ன பண்ணப் போறீங்க? கேசட் வித்த காசுல பாதி கேட்டுச் சண்டைக்கு நின்னவன். அவன் பேரே வெளங்கக் கூடாதுன்னு சாமி கும்பிடறவன் நான்.”

“ஒரு தடவை நேருக்கு நேராப் பாக்கணுமுங்க. அவ்வளவுதான்.”

ரசிகனாம் ரசிகன்! ஆத்தப்பன் பல்லைக் கடித்தார். இன்றைக்கு அந்தக் கன்னையன் பேரைப் பூண்டோடு அழித்துவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவு கட்டினார்.

நாச்சிமுத்து ஒவ்வொரு பாட்டாக ஓடவிட்டார். பனியன் விளம்பரத்துக்குப் போட்ட டிஸ்கோ. “என்னுது.” கல்யாண வீட்டுக் குத்துப் பாட்டு. “அதுவும் என்னுது.” எலெக்சனுக்குப் போட்டு, கட்சிக்காரர்கள் வாங்காமல் போன பாட்டு. “எழுதிக்குங்க, என்னுது.”

கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் நாச்சிமுத்து சத்தத்தைக் குறைத்தார். “இதை இன்னும் யூடியூப்ல போடலீங்க. இது மட்டும் கன்னையன்தானுங்கண்ணா. சந்தேகமே இல்லீங்க. இதைக் கேட்ட நாள்ல இருந்து அந்தாளை என்னால மறக்க முடியலீங்க.”

ஆத்தப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அவன் கிழிச்சான்! தாளத்தை நல்லாக் கேளுங்க. மங்கலத்துல எங்க மச்சான் தறிக்குடோனுக்குள்ள மைக்கை வெச்சுப் புடிச்ச தறிச் சத்தம் அது. பாடுனதும் நான்தான். அடையாளம் தெரியக் கூடாதுன்னு கொரலை மாத்திப் பாடியிருக்கேன்.”

“பாட்டுல வர்ற பொண்ணு கற்பனைங்களா?”

“கற்பனையா? கொமரலிங்கத்துல நெசமாலுமே இருந்த புள்ளை. கோயில் நோம்பிக்குக் கச்சேரி பண்ணப் போனப்ப, பாட வர்றியான்னு சும்மா கையப் புடிச்சேன். அத்தனை கூட்டத்துலயும் செருப்பைக் கழட்டிருச்சு. உடுவனா நானு? ஆத்தங்கரையில எவன்கூடவோ கெடந்துச்சுன்னு பேரோட, தெருவோட பாட்டாக் கட்டி, அவங்க ஊரு ஸ்பீக்கர்லயே ஓட உட்டேன்.”

சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். “அதுக்கப்புறம் அந்தப் புள்ளை வெளிய தலை காட்டவே இல்லையாமா. ஆத்தப்பங்கிட்ட வெச்சுக்கிட்டா அதான் கதி.”

“கன்னையனுக்கு இதுல பங்கே இல்லீங்களா?”

“பங்கா? கேசட் வந்த அன்னைக்குத்தான் அவனுக்கே தெரியும். ‘இந்த அசிங்கத்துக்கு என் பேரையா போட்டே?’ன்னு காறித் துப்பிட்டு அன்னைக்கே போயிட்டான். திரும்பி வரலை. போதுமா? இனிமே எல்லாப் பாட்டுக்கும் ‘ஆத்தப்பன்’னு பெருசாப் போடுங்க.”

“போட்டுடறனுங்க.”

நாச்சிமுத்து எழுந்து போய் ரூம் கதவை இறுக்கச் சாத்தினார். கீழே ஓடிக்கொண்டிருந்த மிசின் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன.

“அந்தப் பாட்டு ஓடுன மறுநாளு, எங்கக்காளை ஆத்துல இருந்து தூக்கிட்டு வந்தவன் நானுங்க.”

ஆத்தப்பனின் கண் கதவுக்குப் போனது. எழப் பார்த்தார். நாச்சிமுத்துவின் கை அவர் தோளை அழுத்தியது.

“நல்லவேளைங்கண்ணா, கன்னையன் என் கையில சிக்கலை.”