எழுபத்தைந்தாகிவிட்ட ஐம்பது

ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கேமரா ரிப்பேருக்குப் போனதால், இந்த லென்ஸைச் சின்ன சென்சார் கேமராவில் மாட்டியிருந்தார்கள். மாட்டியதுதான் தாமதம், கல்யாண மேடை கிட்டத்தில் வந்து நின்றது.

"ஏய் குட்டி, பார்த்தியா? தூரத்தைக் கிட்டத்துல காட்டுற எழுபத்தஞ்சா நான் வளர்ந்துட்டேன்!"

"நீங்க அதே ஐம்பதுதான் அண்ணே. படம் விழுற என் சென்சார்தான் சின்னது. நீங்க காட்டுறதுல நடுவை மட்டும் எடுத்துக்கிட்டு ஓரத்தை விட்டுடுறேன். அதான் எந்த லென்ஸை மாட்டினாலும் என்கிட்ட ஒன்றரை மடங்கு மாதிரி தெரியும்," என்றது கேமரா.

"பொறாமைடா உனக்கு! எந்தக் கல்யாணமானாலும் குடும்பப் படம் என்னோடது. இன்னைக்கும் விடமாட்டேன்."

குடும்பம் வரிசையில் நின்றது. காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்த தாய்மாமனைக் கெஞ்சிக் கூத்தாடி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். போட்டோகிராபர் கேமராவுக்குள் பார்த்தார், மாமனைக் காணோம். பின்னால் நகர்ந்தார், ஒரு பக்க மீசை வந்தது. இன்னும் நகர்ந்தார், சுவர் முதுகில் இடித்தது.

"மாமா, பாதிதான் தெரியுறீங்க."

"யாருய்யா பாதி? நானா பாதி?" மாமன் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

"ஐயோ, இருங்க மாமா!" போட்டோகிராபர் ஐம்பதைப் படக்கென்று கழற்றிப் பைக்குள் போட்டார்.

பையிலிருந்து முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் துள்ளிக்கொண்டு வெளியே போனது.

"வழி விடுங்க அண்ணே! இந்தக் குட்டிகிட்ட இன்னைக்கு நான்தான் ஐம்பது!"