நஸ்லி தொட்ட ஒயர்

"மரம் செதுக்குற என் மெஷினுக்குப் பயந்து தமியாத் ஊர்த் தச்சனெல்லாம் உளியை நைல் நதியில வீசிட்டான்!" என்றார் ரிஃபாத்.

"முதல்ல பெருநாள் கஹ்க் பலகாரத்துக்கு, மக ஸுஹா பேரை அச்சுல வெட்டிக் காட்டுங்க. தப்பினா இந்தச் சனியன் சாப்பாட்டு மேஜையை விட்டு இறங்கணும்," என்றாள் மனைவி நஸ்லி.

மோட்டார்கள் முனகின. கண்ணாடியில் தெரிவதுபோல், எழுத்துகள் இடம் வலம் மாறி மரத்தில் விழுந்தன.

"நேராத்தானே போட்டேன்..." ரிஃபாத் முகம் தொங்க மரத்தைத் தடவிப் பார்த்தார்.

அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நஸ்லி அச்சில் மாவை அழுத்தி எடுத்தாள். மாவில் பேர் நேராக இருந்தது!

"அச்சுல மாத்தித்தான் வெட்டணும்! நானே மறந்துட்டேன், மெஷின் மறக்கலை பாத்தியா!" ரிஃபாத் கூரை முட்டக் குதித்தார்.

ஒரு மோட்டார் எதிர்த்திசையில் ஓடி வேலை கெடட்டும் என்று காலையில் ஒயர்களை மாற்றிச் செருகிய விரல்களை, நஸ்லி மாவுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க... மெஷின் மறக்கலை."