மாவு வாங்கப் போன சனிக்கிழமை

“யார் கேட்டாலும் மரவள்ளி மாவு வாங்க வந்தோம்னு சொல்லு. அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது, என்ன?”

அம்மா சொன்னதற்கெல்லாம் ராயானி பலமாகத் தலையாட்டினாள். பத்து வயதுக்காரிக்கு இதைவிடக் குதூகலமான சனிக்கிழமை ஏது! ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்தில் இன்று தடுப்பூசித் திருநாள். வாசலில் பலூன், மேளம், சுடச்சுடச் சோளப்பொரி. தடுப்பு மருந்துச் சொட்டு மாதிரி வெள்ளை வேஷம் போட்ட ஒருவர் இடுப்பை ஆட்டி ஆட்டிச் சாம்பா நடனம் ஆட, பிள்ளைகள் சுற்றி நின்று கத்தித் தீர்த்தார்கள்.

அவள் அம்மா ஜூசிலேனியோ ஆற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மகளுக்குப் போட வந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி. அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் கணவன் எடிவான், டோமினோ ஆடும் நண்பர்கள் முன்னால் சபதமே போட்டிருந்தான். அந்த ஊசி கெடுதல் என்று வாட்ஸ்அப்பில் எல்லாம் வந்துவிட்டதாம், தன் மகள் கையில் அந்த ஊசி ஏறவே ஏறாதாம். இத்தனைக்கும் அந்த நோயில் போனது அவனுடைய சொந்த அக்கா. கடைசிவரை குளிப்பாட்டி, துடைத்து, பார்த்துக்கொண்டவள் ஜூசிலேனி. மகளுக்கும் அந்தக் கதி வர விடுவாளா? நடப்பது நடக்கட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

மீன் பிடிக்கப் போன எடிவான் கரைக்கு வர மதியம் ஆகும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

வரிசை நகர நகர ராயானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்...”

“அப்புறம் சொல்லலாம். பேசாம வா.”

எதிரே வந்த பக்கத்து வீட்டு டால்வா, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள். மாவு வாங்க வந்தோம் என்று ராயானி முந்திக்கொண்டாள். ரகசியம் காப்பதில் இவ்வளவு கெட்டிக்காரியா என்று ஜூசிலேனிக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

ஒருவழியாக அவர்கள் முறை வந்தது. நர்ஸ் பஞ்சை எடுத்ததும் ராயானி சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஜூசிலேனி பதறிப்போனாள். இவ்வளவு தூரம் வந்து இப்போது பயந்துவிட்டாளே! எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், முடிந்ததும் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினாள்.

“எனக்கொண்ணும் பயமில்ல. ஒரு தடவை போட்டா போதும்னு நீதானே சொன்னே?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“வியாழக்கிழமையே அக்கரையில போட்டாச்சும்மா. அப்பாதான் படகுல கூட்டிட்டுப் போனாரு. ஊசி போடறப்போ அத்தை பேரைச் சொல்லி அழுதாரு. உனக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்சிடும், சொல்லாதேன்னாரு. நீ என்னடான்னா அப்பாகிட்ட சொல்லாதேங்கறே. நான் யாருகிட்டதான் சொல்றது?”