ஏழு, ஒன்பது, பூஜ்யம்

அம்மா, கேப் டவுனில் கோடைப் பயிற்சி இன்றோடு முடிந்தது.

ரேடியோ தொலைநோக்கியில் பதிவான வெறும் இரைச்சலுக்குள், விண்மீனிலிருந்து வருவது போன்ற சில போலித் துடிப்புகளைப் பேராசிரியர் மஷாபா ஒளித்து வைப்பார். நாங்கள் பழக்கிய செயற்கை நுண்ணறிவு அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை என்று சரியாகச் சொல்பவருக்கு மட்டுமே அடுத்த ஆண்டும் இடம். மற்றவர்கள் பெட்டி கட்டலாம்.

எங்கள் மூவரில் மண்ட்லாவுக்கு ஏழு துடிப்பு கிடைத்தது. அன்னெக்கேவுக்கு ஒன்பது. எனக்கு ஒன்றுகூட இல்லை.

"ஏய் முத்திந்தா, உன் மெஷின் இன்னும் தூங்குதா? தட்டி எழுப்புடி!" என்றான் மண்ட்லா.

"எட்டு தடவை ஓட்டிட்டேன்டா. ஒண்ணுமே இல்லேங்குது."

"சும்மா ஆறுன்னு எழுதிக் குடு. பூஜ்யத்தோட போனா மேடம் உன்னை உங்க ஊர் லுசாக்காவுக்கே பஸ் ஏத்தி விட்டுடுவாங்க!"

ஆனாலும் பூஜ்யம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

மஷாபா மூன்று தாள்களையும் வாங்கிக்கொண்டு, தன் கணினியில் விடையைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அடுத்த வருஷமும் நீ வாம்மா."

"மேடம், நான் எழுதினது பூஜ்யம்..."

"மெதுவா பேசு. இந்த வருஷம் ஒளிச்சு வைக்க நான் மறந்தே போயிட்டேன்."