ஐ கிரேடு

"எஃப்னாதானே ஃபெயில்? அதுக்கும் கீழே இறக்கி எனக்கு ஐ போட்டிருக்காரு, மேடம்!"

தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குள் போனையும் புகார் மனுவையும் சேர்த்தே நீட்டினாள் அந்த முதலாண்டு மாணவி. திரையில் ஐந்து பாடங்கள். நான்கில் பி. வேதியியலுக்கு நேராக மட்டும் ஐ.

காலையிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டாள். ஆங்கிலத்திலும் ஒன்பதாவது எழுத்து, தமிழிலும் ஒன்பதாவது எழுத்து. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பாதாளம்தான். ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலும் விடுதி அறையைக் காலி செய்யவேண்டும். வீடு பஸ்ஸில் ஆறு மணி நேரம். அறை போனால் படிப்பும் போச்சு.

"யாரு, கத்தரி சாரா?" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா.

முற்றுப்புள்ளி வைக்க மறந்தால்கூட அரை மார்க்கைக் கத்தரித்துவிடும் ஆசாமி. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

"அவரேதான். வகுப்புல ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாரு. கல்நெஞ்சு!"

மனு இரண்டு பக்கம். 'பழிவாங்கும் நோக்கத்துடன்' என்று மூன்று இடத்தில் இருந்தது. குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, ஐன்னா என்னன்னு யார்கிட்டயாவது கேட்டியா?"

"இதுல கேக்க என்ன மேடம் இருக்கு?"

"அந்த எழுத்து மேல விரலை வை."

வைத்தாள். சின்னதாக ஒரு கட்டம் திறந்தது. 'ஐ - இன்கம்ப்ளீட். பாடம் முடியவில்லை. வர வேண்டியவை: ஆய்வக அறிக்கைகள் 2. அவகாசம்: 30 நாள்.'

"அப்போ... ஃபெயில் இல்லையா?"

"ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. பாதியில நிக்குது. ரெண்டு அறிக்கையையும் முடிச்சுக் கொடு, ஐ போயிட்டு வேற கிரேடு வந்து உக்காந்துக்கும். அதுவரைக்கும் உன் ரூமை யாரும் தொட முடியாது."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு வாரம்! அம்மா தேறி வீட்டுக்கு வந்ததும் மற்றதெல்லாம் மறந்தே போயிற்று. அந்த இரண்டு சோதனைகளையும் அவள் செய்யவே இல்லை. யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

"சைபர் போட்டு எஃப்னு முடிச்சிருக்கலாமே, மேடம்?"

"அவருக்கு அதுதான் சுலபம். ஐ போடணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, துறைத்தலைவர் வாசல்ல போய் நிக்கணும். உன் ரூம்மேட்டைப் பிடிச்சு விசாரிச்சுட்டு, கடைசி நாள் நான் ஜன்னலைச் சாத்தப் போற நேரத்துல மூச்சு வாங்க ஓடி வந்தாரு மனுஷன்."

மாணவி மெல்லக் கை நீட்டி மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இரு, இதையும் படிச்சிட்டுப் போ." குமாஸ்தா ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள்.

'காரணம்' என்ற இடத்தில் கத்தரி சாரின் கையெழுத்து. முற்றுப்புள்ளி ஒன்றுகூட விடுபடவில்லை.

'இரண்டு வாரம் அந்தப் பெண்ணின் இருக்கை காலியாக இருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிக்காமல் விட்டது நான்.'