கரையில் நின்றவர்

“ஆறு மாசமா வாயாலேயே படகு ஓட்டினீங்களே அண்ணே, இப்ப என்னாச்சு?”

தம்பியின் கேள்விக்கு ஆற்றங்கரையே சிரித்தது. அண்ணனான தையற்காரர் மட்டும் பாறைமேல் அமர்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“தண்ணியோட வேகத்தைப் பார்த்ததும் பயமாயிருக்குடா. நீங்க போயிட்டு வாங்க.”

அவர் மனைவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் ஆற்றில், ரப்பர் படகில் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் அவர்.

அவளுக்கிருந்த கவலையோ வேறு.

“என் உடம்புக்கு லைஃப் ஜாக்கெட் கிடைக்குமாங்க? இல்லேன்னுட்டா உங்க தம்பி பொண்டாட்டி முன்னாடி மானமே போயிடும்” என்று வழிநெடுகப் புலம்பியிருந்தாள். கிடைத்துவிட்டது, அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியும்விட்டது.

“மலை மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா!”

கணவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், துடுப்பை எடுத்துக்கொண்டு படகின் முன்வரிசையில் ஏறி அமர்ந்தாள்.

முதல் பாய்ச்சலிலேயே படகு செங்குத்தாய் எழும்பியது. ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு அலறினாள். கேலி பேசிய கொழுந்தன் துடுப்பையே நழுவவிட்டான். இவளோ, படகோட்டி “போடுங்க!” என்று கத்தியபோதெல்லாம், முகத்தில் அறைந்த நீரைத் துடைக்கவும் நேரமின்றித் துடுப்புப் போட்டாள்.

“இன்னிக்கு நம்ம படகுக்கு இஞ்சினே அக்காதான்!” என்றான் படகோட்டி, கரையேறியதும் எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் தலை தானாக நிமிர்ந்தது. படகு வந்து சேரும் இடத்துக்கு வேனில் முன்னதாகவே வந்து காத்திருந்த கணவர், எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

“தட்டுங்க, தட்டுங்க. கரையில நின்னு கை தட்டத்தான் லாயக்கு!”

ஜாக்கெட்டைக் கழற்றிப் படகோட்டியிடம் நீட்டினாள். “பத்திரமா வைங்க தம்பி. ராசியான ஜாக்கெட்டு.”

“வைக்காம இருப்பேனா? இந்த அளவுல எங்ககிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான் அக்கா. காலையில அண்ணன் இதை மாட்டி, பெல்ட்டுகூடப் போட்டுட்டார். வேற இல்லைன்னு சொன்னதும் சட்டுனு கழட்டிட்டார்.”

“எதுக்கு?”

“‘எங்க வீட்டம்மாவுக்கு இதுதான் சேரும். ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சா எனக்குக் கொடுத்துட்டு அவ நின்னுடுவா. நான் பயந்துட்டேன்னே இருக்கட்டும்’னார்.”